பாஸ்புக்கில் இருக்கும் பணம் நம்ம பணமா? சார்ஜ் எடுக்கப் போகும் டாக்டர்களுக்கு ஒரு த்ரெட்

1/ போன வாரம் ஓ.பி.க்கு வழக்கமா வர்ற சுகர் பேஷண்ட் ஒருத்தர், விவசாயி. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணமும் பேங்க்ல ஏறிடுச்சாம். "அப்புறம் என்னங்கய்யா, கையில காசு பொழங்குமே" என்றேன்.

2/ சிரிச்சார். "காசு இருக்குங்க சார். சொசைட்டி கடன், உரக்கடை பாக்கி, அறுப்பு மெஷின் வாடகை, அடுத்த நடவுச் செலவு எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா நம்மளோடது கொஞ்சம்தாங்க."

இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய ஒரு கர்ப்பிணிப் பெண் அலைய வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதப் போறேன்.

3/ சில வருஷங்களுக்கு முன்பு, வேறொரு ஊரில் ஒரு சின்ன மருத்துவமனை. சீனியர் மாறுதலில் போக, பொறுப்பு என் தலையில். நோயாளர் நலச் சங்கக் கணக்கின் பாஸ்புக்கைத் திறந்தேன். இருப்பு 1,40,000 ரூபாய்.

காத்திருக்கும் இடத்தில் வயசானவங்க தரையில் உட்கார்ந்திருந்தாங்க. உடனே 60,000 ரூபாய்க்கு நாற்காலியும் ஃபேனும் வாங்கினேன். எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கும் பெருமை.

4/ அடுத்த மாதம் பீரோவில் இருந்த பில்கள் ஒவ்வொன்றா வெளியே வந்தன. லேப் ரீஏஜென்ட் பாக்கி 62,000. இன்வெர்ட்டர் பேட்டரி 38,000. பிளம்பிங் வேலை 25,000. மொத்தம் 1,25,000.

அதாவது, நான் பாஸ்புக்கைத் திறந்த அன்னிக்கே உண்மையில் எங்க கையில் இருந்தது 15,000 ரூபாய்தான். அதை வச்சு 60,000 செலவு பண்ணியிருக்கேன். 45,000 துண்டு.

5/ பாக்கி வராததால் ரீஏஜென்ட் சப்ளை நின்னுடுச்சு. நம்ம லேபில் பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய டெஸ்ட்டுக்காக ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தர் ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வந்தார். புது நாற்காலியில் உட்கார்ந்துதான் ரெஃபரல் சீட்டை வாங்கினார்.

யாரும் திருடல. யாரும் பொய்க்கணக்கு எழுதல. எனக்குக் கணக்கு படிக்கத் தெரியல. அவ்வளவுதான்.

6/ ஏன் இப்படி ஆகுது? நம்ம கேஷ்புக் பணம் கை மாறும்போது மட்டுமே எழுதப்படுவது. பொருள் வந்துடுச்சு, பில்லும் வந்துடுச்சு, ஆனா பணம் கொடுக்கல என்றால் அந்தக் கடன் கேஷ்புக்கில் எங்கேயும் தெரியாது. தனியார் கம்பெனிகளின் கணக்கில் கடன் ஏற்பட்ட அன்றே அது பதிவாகும்.

இதற்குத் தீர்வு ரொம்ப எளிது. மாதக் கடைசியில் ஒரு தாள் எடுங்க. பேங்க் இருப்பு, அதில் கொடுக்க வேண்டிய பாக்கி, ஆர்டர் போட்டும் இன்னும் வராதவை. கழிச்ச பிறகு மிஞ்சுவதுதான் நம்ம பணம்.

7/ அடுத்தது மருந்து. அலமாரியில் இருக்கும் மாத்திரையை நாம மாத்திரையா மட்டும் பார்க்கிறோம். அது பணம்.

1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதை நமக்கு அழகா சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ரூபாய் மதிப்பில் ஒதுக்கீடு, அதைப் பதிய ஒரு பாஸ்புக். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க அந்தத் தொகை குறையும்.

8/ அதனால் "எதுக்கும் இருக்கட்டும்" என்று கூடுதலா எடுத்து வச்சு, எக்ஸ்பைரி ஆகிக் கழிக்கிற ஒவ்வொரு பெட்டியும் இன்னொரு மருந்தை வாங்க முடியாமல் செய்த பெட்டி. எக்ஸ்பைரி முதலில் வருவது முதலில் வெளியே போகணும். வீட்டில் பழைய அரிசியைத் தீர்த்துட்டுத்தானே புது மூட்டையைப் பிரிப்போம்?

9/ மூன்றாவது, மெஷின். 5 லட்சத்துக்கு ஒரு அனலைசர் வாங்குறோம், 5 வருஷம் உழைக்கும்னு வச்சுக்குவோம். கேஷ்புக்கில் முதல் வருஷம் 5 லட்சம் செலவு, அடுத்த நாலு வருஷம் பூஜ்யம். உண்மையில் வருஷத்துக்கு 1 லட்சம் தேய்ந்துகொண்டே இருக்கு. இதுதான் தேய்மானம். ரீஏஜென்டும் பராமரிப்பு ஒப்பந்தமும் தனி. இலவசமா நன்கொடையா வந்த மெஷினுக்கும் இந்தச் செலவு உண்டு. ஆறாவது வருஷம் மெஷின் நிக்கும்போது "திடீர்னு நின்னுடுச்சு" என்று எழுதாதீங்க. அது திடீர் இல்லை.

10/ நான்காவது, தலைப்பு. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு மூணு தனித்தனி தொகை வந்தது. தடையில்லா நிதி 25,000, பராமரிப்பு 50,000, நோயாளர் நலச் சங்கத்துக்கு 1,00,000. ஒரே பேங்க் கணக்கில் கிடந்தாலும் அவை மூணு பணம். ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குச் செலவு பண்ணினா, நோக்கம் நல்லதா இருந்தாலும் ஆடிட்டில் பதில் சொல்லணும்.

11/ எங்க திருப்பனந்தாள் கோயிலில் சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்தியவர் குங்கிலியக் கலய நாயனார். நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி கொடுத்த தாலியைக் கொடுத்து அவர் குங்கிலியம் வாங்கிட்டார். அவர் வீட்டை இறைவன் நெல்லால் நிறைத்தார் என்கிறது பெரியபுராணம். நமக்கு வர்றது ஆடிட்டர்தான்.

12/ "இதெல்லாம் கிளார்க் வேலை சார், நமக்கு எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்பாங்க. லேப் டெக்னீஷியன் ரிப்போர்ட் கொடுக்கிறார். அதைப் படிச்சு முடிவெடுப்பது யார்? கேஷ்புக்கும் அப்படித்தான். எழுதுவது அவர், கையெழுத்து நம்மளோடது. அந்த நாற்காலியை வாங்கச் சொன்னது கிளார்க் இல்லை, நான்.

13/ கம்யூனிட்டி மெடிசினில் காஸ்ட் பெனிஃபிட் அனாலிசிஸ் பற்றி எழுதி மார்க் வாங்கினவன் நான். ஆனா எம்.பி.பி.எஸ். முடிச்சு வெளியே வரும்வரை ஒரு கேஷ்புக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. நம்மில் பலரும் அப்படித்தான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பொறுப்பு கொடுப்பதற்கு முன் மூணு நாள் பயிற்சி கொடுங்க. ஸ்லைடு போட்டு வேண்டாம். உண்மையான கேஷ்புக், ஸ்டாக் ரிஜிஸ்டர், ஒரு ஆடிட் ஆட்சேபணை, இதை மேசை மேல வச்சு. சார்ஜ் ஒப்படைக்கும் தாளில் பேங்க் இருப்புக்குப் பக்கத்திலேயே கொடுக்க வேண்டிய பாக்கிக்கும் ஒரு கட்டம் போடுங்க.

14/ அதுவரை, இந்த வாரம் சார்ஜ் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு: பாஸ்புக்கைப் பார்த்த கையோட பீரோவையும் திறந்து பாருங்க. கட்டாத பில் ஏதாவது இருக்கான்னு கேளுங்க. நாற்காலி அதுக்கப்புறம் வாங்கிக்கலாம்.


ஓர் அரசு மருத்துவர், திருப்பனந்தாள்