கதவைத் திறந்தவளுக்கு என்ன ஆனது?

எம்புரானை வெட்டியது பிழை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பிறகு ஆரும் எங்களை அந்தப் பக்கம் சேர்த்துவிடக் கூடாது. 2025 மார்ச் 27இல் வந்த படத்தில் ஒரு கிழமைக்குள் 24 இடங்களில் கத்தரி விழுந்தது. '2002' என்பது 'சில வருடங்களுக்கு முன்' ஆனது. வில்லன் பஜ்ரங்கி, பல்தேவ் ஆனான். மோகன்லால் வருத்தம் தெரிவித்தார். தயாரிப்பாளர்கள் தாங்களாகவே வெட்டினார்களாம். தணிக்கை முடிந்து, தியேட்டரில் ஓடுகிற படத்தை ஆரும் சும்மா வெட்டுவார்களா? அரசாங்கக் கணக்கிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்த ஆண்டைச் சொல்லக்கூடாதாம்!

சரி. ஆனால் வெட்டுப்பட்டதற்காகவே இதைத் துணிச்சலான அரசியல் படம் எண்டு தூக்கிப்பிடிக்கிற நண்பர்களோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு.

தொடக்கத்தை நினைத்துப் பாருங்கோ. கும்பலுக்குத் தப்பி வருகிற முஸ்லிம்களுக்கு சுபத்ரா பென் என்ற இந்துப் பெண் தன் மாளிகையில் இடம் கொடுக்கிறார். அதற்காகவே கொல்லப்படுகிறார். எங்களுக்குப் படத்தில் பெரிய ஆள் அவர்தான். பிறகு அவரைப் படம் என்ன செய்கிறது? ஒண்டுமில்லை. தப்பிய சிறுவன் சயீத் வளர்ந்து, துவக்கோடு வந்து, கொன்றவனைக் கொல்வதற்கு அந்த இரவு முன்கதை. அவ்வளவுதான்.

"அப்ப அடிவாங்கிக்கொண்டே இருக்கிறதா?" எண்டு கேட்பீர்கள். அகிம்சை என்றால் சும்மா இருப்பது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? 1947 செப்டெம்பரில் கல்கத்தாவில் கலவரம் திரும்ப மூண்டபோது காந்தி அந்த ஊருக்குள்ளேயே இருந்து சாப்பாட்டை விட்டார். நாலு நாளில் கலவரக்காரர் சிலர் ஆயுதங்களோடு வந்து அவரிடம் ஒப்படைத்தார்கள். (காந்தியோடு எங்களுக்கு ஆயிரம் பிரச்சினை, அது வேறு கதை.) சுபத்ரா பென் செய்ததும் அந்த மாதிரி வேலைதான்.

மலையாளத்துக்கு இது தெரியாததும் இல்லை. 2004இல் டி. வி. சந்திரன் 'கதாவசேஷன்' எடுத்தார். திலீப் நடித்த பொறியியலாளர் கோபிநாத மேனன் தற்கொலை செய்கிறான். அவனை மணக்கவிருந்த ரேணுகா காரணம் தேடி அலைகிறாள். கடைசியில் அவளுக்குக் கிடைப்பது பழிவாங்க ஒரு எதிரி இல்லை, குஜராத்துக்குப் பிறகும் உயிரோடிருப்பதன் வெட்கம். அந்த முடிவும் எங்களுக்கு முழுசாக உடன்பாடில்லை. வெட்கப்பட்டவர்கள் எல்லாம் செத்துப்போனால் கதவை ஆர் திறக்கிறது? ஆனாலும் அந்தப் படம் எங்களைப் பார்த்துக் கேட்டது. எம்புரானில் பஜ்ரங்கி செத்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது, நாங்கள் விசிலடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கும்பலில் நின்ற மற்ற ஆட்கள் எங்கே? சத்தம் கேட்டு யன்னலைச் சாத்திய அயலவர்கள் எங்கே?

மூன்றாம் பாகம் வரும் எண்டு காட்டித்தான் படத்தை முடிக்கிறார்கள். அதில் இன்னொரு துவக்கு எங்களுக்கு வேண்டாம். கும்பல் வருவது தெரிந்தும் அந்தப் பெண் கதவைத் திறக்க முடிவெடுத்தாரே, அதைக் காட்டுங்கோ. வெட்டின 24 இடத்தையும் திருப்பி ஒட்டுங்கோ.