பத்துக் கடைக்கு ஒரு கூரை

ஹாலிஎல பசாரில் கடை வைத்திருக்கும் எவரிடமாவது "தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பதுளைக்குச் சொல்வோம்" என்பார்கள். பதுளை மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தூரம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவுதான். ஆனால் வாகனம் வளைவுகளைக் கடந்து வந்து சேரும் வரை நெருப்பு காத்திருக்காது.

2021ஆம் ஆண்டின் இறுதியில், நாடெங்கும் கேஸ் அடுப்பு வெடிப்புகள் பற்றியே பேச்சாக இருந்த நாட்களில், எனது கடைக்கு இரண்டு கடை தள்ளியிருந்த தேநீர்க் கடையில் கேஸ் குழாய் தீப்பற்றியது. பக்கத்துக் கடை நானா ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கி, சிலிண்டரைப் பூட்டினார். அல்ஹம்துலில்லாஹ், அத்துடன் முடிந்தது. அதன் பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். பத்துக் கடைக்கும் கூரை ஒன்று. இடைச்சுவர்கள் சீலிங்குடன் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே காய்ந்த பலகையும் பழைய வயர்களும்தான். நெருப்பு அங்கே ஏறினால் எது யாருடைய கடை என்று பார்க்காது. அந்த வாரமே தீயணைக்கும் கருவியொன்று வாங்கினேன். சில மாதங்களில் அது பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

எமது வாடிக்கையாளர்களான தோட்ட மக்களின் லயன்களிலும் இதே நிலைதான். ஓர் அறையின் விறகடுப்பில் பிடிக்கும் தீ, பொதுக் கூரை வழியாக முழு லயத்தையும் எரித்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிட நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே பசாரும் லயமும் இன்று ஒரே சபையின் பொறுப்பில் உள்ளன.

நாட்டின் பெரும்பாலான பிரதேச சபைகளிடம் தீயணைப்பு வாகனம் கிடையாது. அதை வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வாங்கினாலும் சாரதிக்கும் வீரர்களுக்கும் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். சபையின் கையில் அதைவிட மலிவான ஆயுதமொன்று இருக்கிறது. வருடாந்தம் நாம் பெறும் வியாபார அனுமதிப்பத்திரமே அது. அதைப் புதுப்பிக்கும் முன் ஓர் உத்தியோகத்தர் வந்து, இடைச்சுவர் கூரை வரை எழுப்பப்பட்டுள்ளதா, பின்கதவைத் திறக்க முடிகிறதா, தீயணைக்கும் கருவி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எம்மவர்கள் முணுமுணுப்பார்கள், அது வேறு விடயம். சுவரை உயர்த்தும் செலவு ஒரு பெருநாள் சீசனின் சரக்குக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அடுத்தது தண்ணீர். ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் காற்றும் வரட்சியும் சேர்ந்து வரும். மலைகளில் மானாப்புல் எரியும் அதே மாதங்களில்தான் குழாய்களிலும் தண்ணீர் குறைகிறது. தீயணைப்பு வாகனம் வந்தாலும் மீண்டும் எங்கே நிரப்புவது? பசாருக்கு அருகில் தாங்கியொன்றும், லயன்களுக்கு வாகனம் ஏறக்கூடிய பாதையும் அவசியம்.

சபைகள் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை டிசம்பருக்குள் நிறைவேற்றுகின்றன. வியாபாரிகளாகிய நாம் இதைக் கேட்டுக் கடிதம் கொடுப்பதாயின், ஒக்டோபரிலேயே கொடுத்துவிட வேண்டும்.