பூட்டிய வீட்டுக்கா விடுமுறை?

விடுதிப் பிள்ளைகளுக்கு வார விடுமுறை உண்டு என்கிறார்கள். உண்டு, மறுக்கவில்லை! எந்த வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

பொட்டிபுரத்தில் நின்று மேற்கே பாருங்கள், மலை. அதற்கப்பால் ஏலத்தோட்டங்கள். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. காய் பறிக்கும் கைகளிற் பல இன்றும் தமிழ்க் கைகளே! விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடக்கும் தாய், பொழுது சாய்ந்தே திரும்புகிறாள். தோட்டத்திலேயே தங்கிவிடுவோரும் உண்டு. ஏலக்காய் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆடி ஆவணியில் தொடங்கும் பறிப்பு, சுற்றுச் சுற்றாகத் தை மாசிவரை நீளும். பள்ளி நடக்கும் மாதங்களும் அவையே! சனிக்கிழமை ஓடோடி வரும் சிறுவன் காண்பது என்ன? பூட்டு!

தங்க இடமின்றிப் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் கண்டார் நடேசனார். இன்று விடுதிகள் பல. சோறும் பாயும் உண்டு. தாய் முகம்?

விடுதிக் காப்பாளருக்கு மாதம் இரண்டு நாள் உரிமை கொடுங்கள். பறிப்புச் சுற்று முடிந்து தாய் இறங்கும் நாளில் பிள்ளையை அனுப்பட்டும். விட்ட பாடத்தை அடுத்த சனியன்று நடத்தட்டும். குரங்கணிக்கு மேலே நடந்தேற வேண்டிய மலைக்குடிப் பிள்ளைக்கு, வழிக்கென்று இன்னொரு நாள்.