வோல்டேஜை அளக்காமல் போர்டைக் குறை சொல்லாதீர்கள்

பாகம் பாகமாக வாங்கி வீட்டில் கூட்டிய கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும்பினால், நம் ஊரில் முதல் வைத்தியம் விண்டோஸ் ஃபார்மட். அதில் கேட்கவில்லையென்றால் ராம், அதற்கும் கேட்கவில்லையென்றால் மதர்போர்டு. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பக்கம் யாராவது திரும்புவதற்குள் வந்தவர் கையிலிருந்த பணம் கரைந்திருக்கும். பாளையங்கோட்டையில் சர்வீஸ் பெஞ்ச் வைத்திருக்கும் நான் இந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் வோல்டேஜை அளக்க வேண்டும். அதையும் கம்ப்யூட்டர் முழு லோடில் ஓடும்போது அளக்க வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கல்லூரிப் பையன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாதாரணமாக நாள் முழுக்க ஓடும். ரெண்டர் போட்டால் மட்டும் பொட்டென்று போய்விடும்.

“அக்கா, ராம் மாத்தியாச்சு, ஃபார்மட் போட்டாச்சு. இப்ப போர்டு போயிட்டுங்காங்க. வீட்ல எப்படிக் கேக்கன்னு தெரியல.”

“மீட்டர் வச்சுப் பாத்தாங்களா?”

“இல்லக்கா.”

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, சும்மா தொங்கிய நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரை எடுத்தேன். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் செருகினேன். 12.08. சிவப்புக் கம்பியில் 5.06. இரண்டும் நல்ல அளவுதான். இந்த இடத்தோடு சோதனையை முடித்தவர்கள்தான் போர்டைக் குறை சொல்லியிருப்பார்கள். ரெண்டரைப் போடச் சொன்னேன். ஃபேன் இரைச்சல் ஏற ஏற மஞ்சளில் 11.7, 11.5, பிறகு 11.3. முனையைச் சிவப்புக் கம்பிக்கு மாற்றினால் அங்கே 5.21. கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைன் ஐந்து சதவீதம்தான் ஏறி இறங்கலாம், அதாவது 11.40 முதல் 12.60 வரை. 5 வோல்ட் லைனுக்கு 4.75 முதல் 5.25 வரை. 12 இறங்கும்போது 5 ஏறுகிறதென்றால், உள்ளே இரண்டு லைனையும் ஒரே சுற்றுதான் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது என்று அர்த்தம். பழைய, மலிவான வடிவமைப்பு அது. ஒன்றைத் தூக்கி நிறுத்தப் போனால் இன்னொன்று வரம்பை முட்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சாம்பல் நிறக் கம்பி ஒன்று போர்டுக்குப் போகிறது. வோல்டேஜ் எல்லாம் சரி என்று சொல்லும் ‘பவர் குட்’ சிக்னல் அதில்தான் வரும். அது விழுந்தால் போர்டு உடனே ரீசெட் ஆகும், ஆகவும் வேண்டும். அந்தப் பையனின் போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அதன் தலையில்தான் பழி விழுந்தது.

கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் அது. பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட். அவனுடைய கிராபிக்ஸ் கார்டு மட்டும் 120 வாட் கேட்கிறது. 65 வாட் என்று எழுதிய பிராசஸர் முழு வேகத்தில் அதைத் தாண்டும். இதற்கு மேல் ஹார்டு டிஸ்க், ஃபேன். பென்டியம் 3 காலம்வரை பிராசஸருக்கான கரண்ட் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களிலிருந்தே வந்தது. 2000இல் பென்டியம் 4 வந்த பிறகு சுமை 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. இன்றைக்குக் கம்ப்யூட்டரின் பெரும்பசிக்கு அந்த மஞ்சள் கம்பிதான் சோறு போடுகிறது. அந்த லைனின் திறனைச் சொல்லாமல் மொத்த வாட்டை மட்டும் சொல்லி விற்பது, வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான். பொருளின் தரத்தையும் திறனையும் தெரிந்துகொள்வதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உரிமை என்றே சொல்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், “12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?” என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

பயாஸ் திரையில் வோல்டேஜ் தெரிகிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. பயாஸில் நிற்கும்போது முழு லோடு வராது. விண்டோஸில் ஓடும் சாஃப்ட்வேர்கள் போர்டில் இருக்கும் சென்சார் சிப் சொல்வதைக் கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. கணக்கு அந்தப் போர்டுக்குப் பொருந்தாவிட்டால் 12 வோல்ட்டை 8 என்றுகூடக் காட்டும். உண்மையிலேயே 8 இருந்தால் கம்ப்யூட்டர் ஓடாது.

மல்டிமீட்டருக்கும் எல்லை உண்டு. 12 வோல்ட்டின் மேல் ஏறி வரும் ரிப்பிள் என்னும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அது இல்லாத கடையில், நன்றாக இருக்கும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. அப்படி மாட்டும்போது கழற்றி மாட்டும் கேபிள் வகையாக இருந்தால், பழைய கேபிளை விட்டுவைக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் வேறுபடும். சொருகினால் சொருகும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 பாய்ந்து, உள்ளே இருக்கும் போட்டோக்களோடு ஹார்டு டிஸ்க் போய்விடும்.

“கடையில ஓடுது, வீட்ல ஓடல” என்பது அடிக்கடி கேட்கும் புகார். அப்போது வீட்டைத்தான் சோதிக்க வேண்டும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு போடாமல் சாதாரண மோடில் விட்டிருப்பார்கள். கரண்ட் போன கணத்தில் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் சேர்த்ததை வைத்துத் தாங்குவது முழு லோடில் ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட். இன்வெர்ட்டர் அதற்குள் மாறவில்லையென்றால் கம்ப்யூட்டர் அணையத்தான் செய்யும். கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது என்றால் பெரும்பாலும் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக, மெயின்ஸ் வோல்டேஜில் ஏறத்தாழ பாதி கேபினட்டில் வந்து நிற்கும். காலில் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வருகிறது. குழந்தைகள் கை வைக்கும் பெட்டி அது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது பின்னை வெட்டிய பிளக்கைத் தூக்கி எறியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வரும் கம்பிகளை யார் வேண்டுமானாலும் நிதானமாக அளக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியை மட்டும் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

நேரமில்லை என்கிறார்கள் என் தொழில்காரர்கள். வாடிக்கையாளர் பேரம் பேசுகிறார், ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்கிறார்கள். அந்த நெருக்கடி எனக்கும் உண்டு. ஆனால் சில நூறு ரூபாய் மீட்டரை லோடில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கேளுங்கள், கொடுப்பார்கள். அந்தப் பையனுக்கு எஸ்எம்பிஎஸ் மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. போர்டு அதேதான், இன்றைக்கும் ஓடுகிறது.

பாகம் மாற்றச் சொல்லும் ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் சும்மா இருக்கும்போது 12 வோல்ட் எவ்வளவு, லோடில் எவ்வளவு, லோடில் 5 வோல்ட் எவ்வளவு என்று மூன்று எண்களை எழுதிக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரும் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டும்.