எல்லையோரப் பள்ளிகளில் அதிகாரப் பிரிவினைப் பாடம்

கிருஷ்ணகிரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

அமெரிக்க அரசமைப்பின் முதல் மூன்று பிரிவுகளிலேயே அதிகாரப் பிரிவினையின் அடிப்படை அடங்கிவிடுகிறது. 1787-இல் எழுதப்பட்ட அந்த ஆவணம் சட்டம் இயற்றுவதைக் காங்கிரசுக்கும், நிறைவேற்றுவதை அதிபருக்கும், வழக்குகளைத் தீர்ப்பதை நீதிமன்றங்களுக்கும் தருகிறது. மாணவர்கள் இதை மூன்று கட்டம் போட்ட அட்டவணையாக மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஒரு துறை இன்னொன்றின் எல்லைக்குள் கால் வைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் பாடத்தின் உயிர். அட்டவணையில் அதற்கு இடமில்லை.

தொழிற்சாலைகளுக்கு நடுவே வளரும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு 1952-இன் எஃகு ஆலை வழக்கு சட்டென்று பிடிபடும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, போருக்கான உற்பத்தி தடைபடக்கூடாது என்று ஆலைகளை அரசின் கையில் எடுக்க அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8 அன்று ஆணையிட்டார். அப்படி எடுக்கக் காங்கிரஸ் எந்தச் சட்டமும் செய்து தந்திருக்கவில்லை. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஆணை செல்லாது என்றது. ஆலைகள் முதலாளிகளிடம் திரும்பின. வேலைநிறுத்தம் ஐம்பது நாளுக்கு மேல் நீடித்தது. போர்க்கால அதிபரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார் என்பதைச் சொல்லாமல் இந்த வகுப்பை முடிக்கக்கூடாது.

இந்தியாவில் கோடு இவ்வளவு அழுத்தமாக இல்லை. அங்கே காங்கிரஸ் உறுப்பினர் அமைச்சராக வேண்டுமானால் உறுப்பினர் பதவியை விட வேண்டும். இங்கே மாநில அமைச்சராகிறவர் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்துக்குள் வந்தாக வேண்டும். சட்டமன்றம் கூடாத நாளில், அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் அவசரச் சட்டமும் பிறப்பிக்கலாம். ஆனாலும் நீதிமன்றத்தின் வேலையைப் பறிக்க இவர்கள் யாருக்கும் உரிமையில்லை. அதைச் சொன்ன வழக்கு இந்த மாவட்டத்தைத் தொட்டு ஓடும் காவிரியைப் பற்றியது.

1991 ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம், ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் மேட்டூருக்கு வந்து சேரும்படி கர்நாடகம் திறந்துவிட வேண்டும் என இடைக்கால ஆணை பிறப்பித்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, அந்த ஆணையை முறியடிக்கும் அவசரச் சட்டத்தைக் கர்நாடகம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22 அன்று ஐந்து நீதிபதிகள் விடை தந்தார்கள்: ஒரு தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தைச் சட்டமன்றம் பொதுவாக மாற்றலாம், இரு தரப்புக்கிடையே வழங்கப்பட்ட தீர்ப்பை மட்டும் தனியே எடுத்து ரத்து செய்ய முடியாது, வழக்காடுகிறவரே தன் வழக்குக்கு நீதிபதியாகவும் முடியாது. டிசம்பரில் பெங்களூரில் மூண்ட கலவரத்துக்குத் தப்பித் தமிழர்கள் எல்லை தாண்டி வந்ததை ஓசூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தீர்ப்பு என்ன சொன்னது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது பள்ளிதான். முடிந்துபோன பங்குச்சந்தை வழக்குகளை மறுபடி திறக்கக் காங்கிரஸ் செய்த சட்டத்தை 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியதும் இதே கொள்கையின்படிதான்.

இதைக் கர்நாடகத்துக்கு எதிரான பாடமாக நடத்தினால் எல்லாம் பாழ். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வகுப்பறைகளில் கன்னடமும் தெலுங்கும் தாய்மொழியான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழக அரசு தோற்ற வழக்கும் பாடத்தில் இருந்தாக வேண்டும். நீதிமன்றங்கள் ஏற்ற சமச்சீர்க் கல்வியை 2011-இல் புதிய அரசு ஒரு திருத்தச் சட்டத்தால் தள்ளிவைத்தது. பள்ளி திறந்தும் பாடநூல் இல்லாமல் பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்க மறுத்து, பத்து நாளுக்குள் சமச்சீர்ப் பாடத்தைத் தொடங்க உத்தரவிட்டது. முந்தைய தீர்ப்பை அந்தத் திருத்தம் பயனற்றதாக்குகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த நான்கு வழக்குகளையும் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது மொழிகளில் எளிய கையேடாக்கி, வரும் கல்வியாண்டிலேயே சமூக அறிவியல் ஆசிரியர்களிடம் சேர்க்கவும், மாணவர்கள் ஒரு நாளாவது நீதிமன்ற விசாரணையை நேரில் பார்க்கவும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.