சவுடு என்ற சால்ஜாப்பு

“சவுடு என்பது வெறும் மண். அதற்குப் போய் ஆய்வகச் சோதனையா? பெயரில் என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார் சென்ற இதழின் கட்டுரையாளர். திருப்பாச்சூர்ப் பக்கம் வந்து இதைக் கேட்காதிருப்பது நல்லது. பாசு என்றால் மூங்கில். மூங்கில் காடு போய்விட்டது, ஊர் இன்னும் பெயரை விடவில்லை.

சவுடு என்ற சொல்லுக்கு ஊரில் பொருள் உண்டு. உப்புப் பூத்த உவர்மண்ணைச் சொல்வார்கள், ஏரியடி வண்டலையும் சொல்வார்கள். பெர்மிட் தாளில் ஏறியதும் அந்தச் சொல்லுக்கு எலும்பு கழன்றுவிடுகிறது. களிமண்ணும் சவுடு, கிராவலும் சவுடு, சலித்தால் வீடு கட்ட ஆகும் மணலும் சவுடு!

இவற்றைப் பிரிப்பது பண்டிதர் வேலை அல்ல, சல்லடை வேலை. இந்தியத் தர அளவையில் 4.75 மில்லிமீட்டருக்கும் 0.075 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது மணல். அதற்குக் கீழே 0.002 வரை வண்டல், அதனினும் நுண்ணியது களி. ஒரு கூடை மண் போதும். சோதனை வேண்டாம் என்பவருக்கு மண் தெரியாமலில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் கவலை.

1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சிறு கனிமங்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: கட்டடக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல். பள்ளம் தூர்க்கவும் தரை நிரவவும் ஆகும் சாதாரண மண் 2000 பிப்ரவரியில் சேர்ந்தது. சவுடு அங்கே இல்லை. 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பேச்சுவழக்குப் பெயரில் குவாரி அனுமதி கூடாது, மண்ணின் கூறுகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே தரவேண்டும் என்றது. இதை ‘வார்த்தை விளையாட்டு’ என்கிறார் நம்மவர். ஒரே சொல்லில் மூன்று கனிமத்தை லாரி ஏற்றியது யாருடைய விளையாட்டு?

ஏரி ஆழமானால் நல்லதுதானே என்பது அவருடைய துருப்புச்சீட்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே பொக்லைன் இறங்கினால், அந்தப் பள்ளத்து நீர் மதகேறி வயலுக்கு வராது. தூர்வாருவது என்றால் படிந்த வண்டலை அள்ளுவது. இரண்டு ஆள் உயரத்துக்குக் குழி பறிப்பதற்கு ஊரில் வேறு பெயர். வயலுக்கு வண்டல் அடிக்கும் விவசாயியின் டிராக்டரையும் பத்துச் சக்கர டிப்பரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறாரே, அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

போகட்டும். ‘வெறும் மண்’ என்பதைக் கொசஸ்தலையாற்றங்கரையில் நின்றா சொல்வது? 1863இல் நிலவியல் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இங்கேதான் இருக்கிறது. பின்னாளில் சாந்தி பப்புவின் குழு அங்கே அடுக்கு அடுக்காக அகழ்ந்தது. களி எது, செம்பூராங்கல் சரளை எது, எந்தக் கருவி எதில் கிடந்தது என்று பிரித்துக் குறித்ததால்தான், 2011இல் அவற்றுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை என்று சொல்ல முடிந்தது. எல்லாம் சவுடுதானே என்று அவர்களும் ஒரே லோடில் அள்ளியிருந்தால், அந்தக் கருவிகள் இந்நேரம் ஏதோ ஒரு தொழிற்பேட்டையின் தரைக்கடியில் கிடந்திருக்கும்.

பூண்டி அருங்காட்சியகத்தில் இந்த வட்டாரக் கற்கருவிகளை வைத்திருக்கிறார்கள். கட்டுரையாளர் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். அதற்கு நடைச்சீட்டு தேவையில்லை.