தூரிகைக்கும் கூலி உண்டு!

நிதி திரட்டுவது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரசீதுப் புத்தகம்தான். சம்பள நாள் பார்த்து வாசல் வாசலாக ஏறி இறங்குகிறோம். கேட்பவரும் உழைப்பாளி, கொடுப்பவரும் உழைப்பாளி. மாலை வகுப்புக்கும் படிப்பகத்துக்கும் அதே குடும்பங்களிடம் எத்தனை முறைதான் கை நீட்டுவது?

வேறு வழியும் உண்டு. கையால் வரைந்த சிறு ஓவியங்களை எளிய விலைக்கு விற்று நிதி சேர்ப்பதே அது.

“ஓவியம் பணக்காரர் வீட்டுக் கூடத்துக்கு அல்லவா?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். லண்டன் ராயல் கலைக் கல்லூரி 1994-இல் தொடங்கிய விற்பனையை அவர்களுக்குச் சுட்டுகிறோம். படங்கள் எல்லாம் அஞ்சலட்டை அளவு. எல்லாவற்றுக்கும் ஒரே விலை. கையெழுத்து பின்பக்கத்தில். வரைந்தவர் உலகப் புகழ் பெற்றவரா, கல்லூரி மாணவரா என்பது வாங்கிய பிறகே தெரியும். வந்த பணம் மாணவர் கல்விக்குப் போயிற்று. பெயருக்கு விலை இல்லை என்றானதும் சாமானியனும் ஓவியம் வாங்க வந்தான்!

நம் மண்ணிலும் சான்று உண்டு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சார்ந்த கலைஞர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது அப்படித்தான்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். “நல்ல காரியம்தானே, சும்மா வரைந்து கொடு” என்று ஓவியனிடம் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கொத்தனாரிடம் கூலியில்லாமல் சுவர் எழுப்பச் சொல்வோமா? சினிமா பேனரும் கடைப் பலகையும் எழுதிப் பிழைத்தவர்களின் பிழைப்பை ஃபிளெக்ஸ் எந்திரம் பறித்தது. அப்படி வேலை இழந்தவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களிடம் இலவசம் கேட்பது தொண்டு அல்ல, சுரண்டல்.

எனவே நமது யோசனை இது. 22-க்கு 30 அங்குலத் தாள் ஒன்றில் 4-க்கு 6 அங்குல அட்டைகள் 25 வெட்டலாம். நான்கு தாளில் 100 படங்கள். படம் ரூ. 200 வீதம் எல்லாம் விற்றால் ரூ. 20,000. அதில் பாதி வரைந்தவர்களுக்கு. பாதி மாலை வகுப்புக்கு. தாள், வண்ணச் செலவு சங்கத்தின் பங்கிலிருந்து போகட்டும். தேர்ந்த ஓவியர் படத்துக்கும் பள்ளிப் பிள்ளை படத்துக்கும் ஒரே விலை. விற்ற அன்று மாலையே வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதி வைக்க வேண்டும். அச்சடித்த நகலுக்கு அங்கே இடமில்லை. 

வரும் பொங்கல் விழாவிலேயே தொடங்கலாம். வரையத் தெரிந்த சகோதர சகோதரிகள் சங்கத்தில் பெயர் கொடுங்கள். மற்றவர்கள் இருநூறு ரூபாயை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணத்தால் நம் பிள்ளைகளின் வகுப்பில் விளக்கு எரியும்; ஒரு தொழிலாளியின் கைவண்ணம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும்.